ராத்திரியில் திறந்துகொள்ளும் மடை

வாசகர் கடிதம்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தில் விவசாயம். சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மாத்திரைகளோடு இரவில் இன்சுலினும் போடுகிறேன். கால் எரிச்சல் ரொம்ப நாளாக உண்டு. எட்டு மாதமாகப் புதிதாக ஒரு தொந்தரவு. சில வாரம் ஒன்றும் இருக்காது, மலச்சிக்கல்கூட வரும். அப்புறம் திடீரென்று ஆரம்பிக்கும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு மடை திறந்த மாதிரி தண்ணீராகப் போகும். வலி, காய்ச்சல், ரத்தம் எதுவும் இல்லை. இரண்டு முறை எழுந்து போவதற்குள் படுக்கையிலேயே ஆகிவிட்டது. மலப் பரிசோதனை, ஸ்கேன், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் நரம்புக் கோளாறு என்றார். பிள்ளைகளோ, ‘அப்பாவுக்கு மனசுல பயம், அதான் வயிறு கலங்குது’ என்கிறார்கள். நரம்புக்கும் குடல் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? உப்புக்கரைசல் குடிக்கலாம் என்றால் அதிலும் சர்க்கரை இருக்கிறதாமே. அடுத்த மாதம் பேத்திக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலுக்கு வேனில் மூன்று மணி நேரம் போக வேண்டும். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

ஐயா, வணக்கம். படுக்கையில் ஆனதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பத்து வருடம், பதினைந்து வருடமாகச் சர்க்கரையோடு இருப்பவர்கள் என் அறைக்குள் வந்து கால் எரிச்சலைச் சொல்வார்கள், கண் மங்கலைச் சொல்வார்கள். இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கூட வந்த மனைவி வெளியே போன பிறகு, கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னவர்கள் உண்டு. நானாகவே கேட்க வேண்டும் என்று அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது பயத்தில் வரும் பேதி இல்லை. பயத்தில் வயிறு கலங்குவது உண்மைதான், பரீட்சை அன்றைக்குக் காலையில் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அது வேறு வழியில் நடக்கிறது. மூளையிலிருந்து போகும் செய்தி பெருங்குடலை வேகமாகத் தள்ள வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தரம் போகும். அளவு அதிகம் இருக்காது. முக்கியமாக, மனக்கலக்கத்தில் வரும் பேதி ஆள் விழித்திருக்கும்போதுதான் தொல்லை கொடுக்கும். அசந்து தூங்குகிறவரை ஒரு மணிக்கு எழுப்பி ஓட வைக்காது. தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி என்றாலே உடம்பில் காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. வலியே இல்லாமல், தண்ணீராக, நிறைய, ராத்திரியில் என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த விதிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

‘நரம்புக் கோளாறு’ என்று அந்த டாக்டர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊரில் அந்த வார்த்தை பட்ட பாடு கொஞ்சமா? சுவரொட்டி வைத்தியர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதி எழுதி, நரம்பு என்றாலே மனப்பலவீனம் என்றோ வெளியில் சொல்லக்கூடாத வியாதி என்றோ ஆக்கிவைத்துவிட்டார்கள். நான் சொல்லப்போகும் நரம்பு குடலின் சுவருக்குள்ளேயே ஓடுவது. நுண்ணோக்கியில் பார்க்கக்கூடியது. அது செய்யும் வேலை தண்ணீர் பங்கிடுவது. நீங்களே மடை என்று எழுதிவிட்டதால் எனக்கு விளக்குவது சுலபமாகிவிட்டது.

ஒரு நாளைக்கு உங்கள் சிறுகுடலுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்து விழுகிறது தெரியுமா? சாப்பாட்டிலும் குடிப்பதிலும் இரண்டு லிட்டர் போல வருகிறது. உடம்பே ஊற்றுவது அதைவிட அதிகம். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாம் சேர்ந்து ஆறேழு லிட்டர். மொத்தம் எட்டு ஒன்பது லிட்டர், கிட்டத்தட்ட அரைக்குடம். மலத்தில் வெளியே போவதோ 100 முதல் 200 மில்லி, ஒரு டம்ளர்கூட இல்லை. மீதி முழுக்க உடம்புக்குள் திரும்பிவிடுகிறது. ஆக, குடலில் எந்நேரமும் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் தண்ணீரை உறிஞ்சுகின்றன. அந்த முளைகளுக்கு நடுவே உள்ள குழிகள் தண்ணீரைச் சுரக்கின்றன. சுரப்பு கொஞ்சம் கூடினாலோ உறிஞ்சுவது கொஞ்சம் குறைந்தாலோ பெருங்குடல் சமாளிக்கும். அதையும் தாண்டினால்தான் பேதி.

சுரப்பது என்றால் குடல் தண்ணீரை நேரடியாக இறைப்பதில்லை, உப்பைத்தான் இறைக்கிறது. குழியில் இருக்கும் செல்களில் குளோரைடு வெளியேறுவதற்கென்று ஒரு கதவு உண்டு. அது திறந்தால் குளோரைடு குடலுக்குள் போகும். அதன் பின்னாலேயே சோடியம் போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்பைப் போட்டு மூடிவைத்தால் காலையில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே சங்கதிதான்.

அந்தக் கதவை யார் திறப்பது, யார் மூடுவது? இங்கேதான் நரம்பு வருகிறது.

குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை இரண்டு வலைகளாகப் பின்னிக் கிடக்கின்றன. வெளிப்பக்கம் தசை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் வலை குடலை அசைப்பது. உள்பக்கம் சவ்வுக்கு அடியில் இருக்கும் வலையை 1857இல் ஜெர்மன் ஆய்வாளர் மைஸ்னர் விவரித்தார், அவர் பெயராலேயே இன்றும் அதைச் சொல்கிறோம். சுரப்பு வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் இந்த உள்வலைதான். இவற்றுக்கு மூளையின் உத்தரவு அடிக்கடி தேவைப்படாது. நான் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது ஆய்வகத்தில் முயலின் குடலில் ஒரு விரல்நீளம் வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில், காற்றுக் குமிழ் விட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். மூளை இல்லை, முதுகுத்தண்டு இல்லை, முயலே இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு சுருங்கி விரியும். அதன் அசைவைப் புகைக்கரி பூசிய உருளையில் ஒரு முள் அலை அலையாகக் கீறிக்கொண்டே போகும். நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை ஒரு சொட்டு விட்டால் முள் விருட்டென்று மேலே ஏறும். கழுவிவிட்டு அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் கோடு தட்டையாகப் படுத்துவிடும். அன்றைக்கு நான் பார்த்தது குடலின் அசைவை. உள்ளே தண்ணீர்க் கணக்கிலும் ஏறக்குறைய இதே இரண்டு கட்சிகள்தான் என்பது பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது.

மடையைத் திறக்கும் கட்சியில் இரண்டு பேர். ஒன்று அந்த அசிட்டைல்கோலின். சட்டென்று வந்து சுரப்பைத் தூண்டிவிட்டுச் சட்டென்று அழிந்துபோகும். இன்னொன்று வி.ஐ.பி. என்று சுருக்கிச் சொல்லும் ஒரு புரதத் துணுக்கு, 28 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம். 1970இல் சாமி சயீத், விக்டர் மட் என்ற இருவர் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இது குழிச் செல்லைத் தொட்டால் குளோரைடு கதவு திறந்து நெடுநேரம் திறந்தபடியே நிற்கும். சாப்பாடு உரசும்போதோ கிருமி விஷம் படும்போதோ குடல் சவ்வில் ஆங்காங்கே இருக்கும் காவல் செல்கள் செரட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியே விடும். நம் உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில்தான். ‘உள்ளே ஏதோ வந்திருக்கிறது, கழுவித் தள்ளு’ என்று நரம்பைத் தட்டி எழுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. நரம்பு உடனே அசிட்டைல்கோலினையும் வி.ஐ.பி.யையும் அனுப்பும். கெட்டதைச் சாப்பிட்டால் வயிற்றால் போய்க் குடல் சுத்தமாவது இப்படித்தான்.

காலராவில்கூட நரம்புக்குப் பங்கு உண்டு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். காலராக் கிருமியின் விஷம் செல்லுக்குள் நேரடியாகப் புகுந்து அந்தக் கதவைத் திறக்கிறது என்றுதான் ரொம்ப காலம் எங்களுக்குப் பாடம். அது சரிதான். ஆனால் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் விலங்குகளின் குடலில் காலரா விஷத்தை வைத்துவிட்டு, நரம்பை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். பொங்கி வந்த தண்ணீர் கணிசமாகக் குறைந்துவிட்டது. விஷம் செல்லைத் தொட்டதோடு நிற்காமல் செரட்டோனினைக் கிளப்பி, நரம்பையும் தன் பக்கம் வேலை வாங்கியிருக்கிறது.

திறப்பவர் மிதமிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதை விவசாயியான நீங்கள் நேரிலேயே பார்த்திருக்கலாம். பல பூச்சி மருந்துகள் அசிட்டைல்கோலினை அழிக்கும் நொதியை முடக்கிவிடும். காற்றுக்கு எதிரே நின்று, வாயில் துணிகூடக் கட்டாமல் மருந்தடித்த ஒருவரை நான் பயிற்சி மருத்துவராக இருந்த ராத்திரியில் கொண்டுவந்தார்கள். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிவிட்டது. வாயிலும் மூக்கிலும் நீர் வழிகிறது, சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது, வயிறும் நிற்காமல் போகிறது. உடம்பில் சுரக்கிற இடமெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்ளும் அட்ரோபினை ஊசியில் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாகக் காய்ந்தது. நெஞ்சில் சளச்சளப்பு நின்று விடியற்காலையில் அவர் ‘நாக்கு வறளுது’ என்று தண்ணீர் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இனி மூடுகிறவர். கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பாரே, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து மடையை அடைப்பவர். குடலில் அந்த ஆள் நார்அட்ரினலின். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, வயிற்றுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் மாறி, குடலுக்கு வந்து சேரும் பரிவு நரம்புகளின் நுனியில் அது சுரக்கிறது. இரண்டு வேலை செய்யும். உள்வலையில் இருக்கும் ‘திறக்கும்’ நரம்புகளை அடக்கிவைக்கும். உறிஞ்சும் செல்களைத் தட்டிக்கொடுத்து உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க வைக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இந்த அடக்குதல் மெலிதாக நடந்துகொண்டே இருக்கிறது. அவருக்குத் துணையாக என்கெஃபலின், சோமட்டோஸ்டேட்டின் என்று இன்னும் சிலரும் உண்டு. அபினியைப் பேதிக்குக் கொடுத்த பழைய வைத்தியர்கள் தெரியாமலே தொட்டது அந்த என்கெஃபலினின் பூட்டைத்தான்.

நீர்பாய்ச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1868இல் பிரான்சில் மோரோ என்பவர் நாயின் குடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, அதற்குப் போகும் நரம்புகளை மட்டும் அறுத்துவிட்டார். ரத்தக்குழாயைத் தொடவில்லை. பக்கத்துத் துண்டுகளையும் அப்படியே கட்டினார், ஆனால் அவற்றின் நரம்பை விட்டுவைத்தார். பிறகு திறந்து பார்த்தால் நரம்பு அறுந்த துண்டு மட்டும் தெளிந்த நீரால் உப்பிக் கிடந்தது. நரம்பை வெட்டினால் வேலை நின்றுபோகும் என்றுதானே நினைப்போம். இங்கே நரம்பு போனதும் தண்ணீர் பெருகியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் நரம்பு இத்தனை நாளும் அடக்கித்தான் வைத்திருந்தது என்று அர்த்தம்.

உங்கள் கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது ஐயா. பல வருடம் சர்க்கரை கூடுதலாகவே ஓடினால் நீளமான, மெல்லிய நரம்புகள் முதலில் அடிபடும். பாதத்துக்குப் போவதும் அப்படிப்பட்ட நரம்புதான், அதனால்தான் கால் எரிச்சல். குடலுக்கு வரும் பரிவு நரம்பும் அதே போல நைந்துபோகிறது. நார்அட்ரினலின் குறைகிறது. திறக்கும் கட்சிக்காரர்கள் குடலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் தங்கள் வேலையைத் தொடர்கிறார்கள், அடைப்பதற்கு மட்டும் ஆள் வருவதில்லை. ஆசனவாய்த் தசையைக் காக்கும் நரம்பும் கூடவே மந்தமாகிவிடும். அதனால் எழுந்து போவதற்குள் ஆகிவிடுகிறது. அது உங்கள் கவனக்குறைவு இல்லை. குடலை அசைக்கும் நரம்பும் பாதிக்கப்படுவதால் சில வாரம் குடல் சோம்பிக் கிடந்து மலச்சிக்கல் வருவதும் இந்த நோயில் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

அமெரிக்காவில் மாயோ மருத்துவமனைக்காரர்கள் 1936இலேயே சர்க்கரை நோயாளிகளின் இந்தப் பேதியைத் தனியாக விவரித்துவிட்டார்கள். 1985இல் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு படி மேலே போனார்கள். அடைக்கும் ஆள் இல்லாததுதான் கோளாறு என்றால் அவர் வேலையை ஒரு மாத்திரை செய்யாதா என்று யோசித்து, ரத்தக்கொதிப்புக்குத் தரும் குளோனிடினை மூன்று நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நார்அட்ரினலின் உட்காரும் அதே இருக்கையில் குளோனிடினும் உட்காரும். அவர்களுக்குப் பேதி குறைந்தது. மூன்றே பேர்தான், ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டு மருந்தைத் தேடிய விதம் எனக்கு இன்றும் பிடித்த ஒன்று.

அதற்காகக் கடையில் போய்க் குளோனிடின் வாங்கிவிடாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும் கோளாறும் கூடவே இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் கொல்லைப்புறம் போகிற வழியிலேயே மயங்கி விழுவீர்கள். திடீரென்று நிறுத்தினாலும் அழுத்தம் எகிறும். மருத்துவர் கண்காணிப்பில், கடைசி வரிசையில் யோசிக்க வேண்டிய மருந்து அது.

முதல் வரிசையில் செய்ய வேண்டியது வேறு. நரம்புதான் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பேதியைக் கொடுக்கும். ‘பத்து வருடமாகச் சாப்பிடுகிறேனே, இப்போது எப்படி வரும்’ என்று எல்லோரும் கேட்பார்கள். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும் வரும், நானே பார்த்திருக்கிறேன். வோக்லிபோஸ் மாவுச்சத்தைச் செரிக்க விடாமல் பெருங்குடலுக்கு அனுப்புவதால் அதுவும் வயிற்றைக் கிளப்பும். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய மிட்டாய், பிஸ்கட்டில் இருக்கும் சார்பிட்டாலும் அப்படியே. நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லி, இரண்டு வாரம் மெட்ஃபார்மினை நிறுத்தி வேறு ஏற்பாடு செய்து பார்க்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது, இத்தனை பக்கம் நான் எழுதியது உங்களுக்குத் தேவையே படாது. அப்படி நடந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதே சமயம் ரத்தத்தில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும், பி12 குறைந்தால் நரம்பு இன்னும் கெடும்.

அடுத்து கணையம். அதன் நொதி குறைந்தால் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், நாற்றம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்குத் தண்ணீராகப் போகிறது என்பதால் வாய்ப்புக் குறைவு, ஆனாலும் ஒரு மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டும் பார்த்துவிடலாம். குடல் மந்தமாக இருப்பதால் சிறுகுடலில் கிருமிகள் பெருகி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அதற்கு ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலே சிலருக்குப் பாதி தொல்லை தீர்ந்துவிடும். கணையத்தில் வரும் ஒருவகைக் கட்டி வி.ஐ.பி.யை அளவில்லாமல் ஊற்றி, பட்டினி கிடந்தாலும் நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் போக வைக்கும். 1958இல் வெர்னரும் மாரிசனும் விவரித்த நோய் அது. மிக அபூர்வம். உங்களுக்கு நடுவில் பல வாரம் ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது, ஸ்கேனும் சுத்தம். அந்தப் பயம் வேண்டாம்.

நரம்புதானா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நர்சிடம் இதைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்க்கட்டும். பிறகு எழுந்து நின்று, ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் பார்க்கட்டும். மேல் அளவு 20க்கு மேல் இறங்கினாலோ கீழ் அளவு 10க்கு மேல் இறங்கினாலோ, நீர்ச்சத்துக் குறைவும் மாத்திரையும் காரணமில்லை என்றால் பரிவு நரம்பு அடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் மருத்துவமனைகளில் நின்றபடி அழுத்தம் பார்ப்பது குறைந்துகொண்டே வருவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பேதி இல்லாத ஒரு நாளில் பார்ப்பது நல்லது. சாப்பிடும்போது முகமும் தலையும் மட்டும் வியர்க்கிறதா, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா, சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு இருக்கிறதா என்றும் யோசித்து எழுதி எடுத்துப் போங்கள். எல்லாம் அதே நரம்புகளின் வேலை.

வைத்தியம் என்று வந்தால், சர்க்கரையைச் சீராக வைப்பது அடிப்படை. நைந்த நரம்பு முழுசாகத் திரும்பிவிடும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். மேலும் நையாமல் காக்கலாம், பேதியையும் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம். அதற்கு நாங்கள் முதலில் எடுப்பது லோபரமைடு. இது குடலில் இருக்கும் அந்த அபினிப் பூட்டைத் தொட்டு, அசைவை மெதுவாக்கி, தண்ணீர் உறிஞ்சப்பட நேரம் கொடுக்கும். சொன்ன அளவைத் தாண்டினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது. மலச்சிக்கல் வாரத்திலும் எடுக்கக் கூடாது. இதற்கும் அடங்காவிட்டால் சோமட்டோஸ்டேட்டினைப் போலவே வேலை செய்யும் ஆக்ட்ரியோடைடு ஊசி இருக்கிறது. கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் எழுதித் தந்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அது அசிட்டைல்கோலினை மறிப்பதால் வாய் வறளும், குடலும் இறுகும். மலச்சிக்கல் வாரங்களுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது உப்புக்கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்தால் அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூட வராது. சர்க்கரை போட்ட ஒரு காபியில் இதைவிட அதிகம் இருக்கும். அந்தக் குளுக்கோஸ் ருசிக்காகச் சேர்த்ததும் இல்லை. உறிஞ்சும் செல்களில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் தனி வாசல் ஒன்று இருக்கிறது. மற்ற வழியெல்லாம் அடைபட்டு, சுரப்பு பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அந்த வாசல் வேலை செய்யும். 1971இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். ஆகவே பேதி நாளில் நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரையைக் கூடுதலாக ஒரு முறை குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டைப்பெட்டியில் ‘எனர்ஜி’ என்று விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிறையப் போகும் நாளில் மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை இருந்தால் அதையும் போடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். உடம்பு காய்ந்திருக்கும்போது அவை ஆபத்தாகலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ, எடை இறங்கிக்கொண்டே வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

காதுகுத்துக்கு வருவோம். நீங்கள் போகலாம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மாத்திரையை மாற்றிப் பார்க்கவும் லோபரமைடு உங்களுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று வீட்டிலிருக்கும் நாளில் சோதித்துப் பார்க்கவும் போதுமான காலம். டாக்டர் ஒத்துக்கொண்டால் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, எண்ணெய்ப் பலகாரத்தைத் தள்ளிவையுங்கள். வேனில் கதவோரம் உட்காருங்கள். ஒரு மாற்று வேட்டி, பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தண்ணீர், இவற்றை ஒரு பைக்குள் வைத்து மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். டயப்பர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள் ஐயா. உங்கள் வயதிலும் உங்களைவிடச் சின்ன வயதிலும் அதைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்களை எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரியவில்லை. வழியில் எந்தெந்த ஊரில் நல்ல கழிப்பறை இருக்கிறது என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும்.

இந்தப் பதிலை உங்கள் பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள். படுத்தும் நின்றும் பார்த்த இரண்டு ரத்த அழுத்த அளவுகளையும், மெட்ஃபார்மின் நிறுத்திய இரண்டு வாரத்தில் எத்தனை ராத்திரி எழுந்தீர்கள் என்பதையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த படியைச் சொல்கிறேன்.